வீட்டிலேயே கிடார்: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கிடார் பற்றி வந்த கடிதங்களில் பலவும் ஒரே நிலையில் இருப்பவர்கள் எழுதியவை. பக்கத்தில் ஆசிரியர் இல்லை. நம் வசதிக்கு ஏற்ற வேகத்தில் படிக்கும்படியான வீடியோ பாடத்துக்குப் பணம் கட்டிவிட்டார்கள், அல்லது கட்டலாமா என்று யோசிக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இந்த இதழில்.

நைலான் கம்பியா, ஸ்டீல் கம்பியா? எனக்கு ஒன்றும் வாசிக்கத் தெரியாது. கடையில் எதைப் பார்த்து வாங்குவது?
— கல்லூரி மாணவர், பாலக்கோடு

பாடிக்கொண்டே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வாசிக்க வேண்டும் என்பது ஆசையானால் ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக் கிடார். விரலால் மீட்டி, மெட்டை அப்படியே வாசிக்கத்தான் விருப்பம் என்றால் நைலான் போட்ட கிளாசிக்கல் கிடார். நீங்கள் சேரும் பாடம் எந்தக் கிடாருக்கானது என்று முதலில் பார்த்துவிடுங்கள். கிளாசிக்கல் கிடாரின் கழுத்து, நட் (கழுத்தின் தலையில் கம்பிகள் தங்கும் பள்ளங்கள் வெட்டிய துண்டு) பக்கத்தில் சுமார் 52 மி.மீ. அகலம், ஸ்டீல் கிடாரில் 43 மி.மீ.தான். ஒன்றுக்குச் சொன்ன விரல் வைப்பு மற்றதில் கொஞ்சம் தடுமாறும். நைலான் கிடாரில் ஸ்டீல் கம்பி கட்டவே கூடாது. சாதாரண ஸ்டீல் செட் சுருதி சேர்ந்து நிற்கும்போது ஏறக்குறைய 70 கிலோ இழுவிசை கொடுக்கும், நைலான் சுமார் 40 கிலோதான். மேல் பலகை புடைத்துக்கொண்டு, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

கடையில் பார்க்க வேண்டியவற்றுக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். கார்டுகள் போதும். ஒரு கார்டின் தடிமன் 0.76 மி.மீ. கடைக்காரரைச் சுருதி சேர்க்கச் சொல்லிவிட்டு, 12-வது ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி) மேல் மூன்று கார்டுகளை அடுக்கி, தடித்த ஆறாவது கம்பிக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். மூன்று கார்டு கம்பியைத் தூக்காமல் லேசாக உரசி நின்றால் உயரம் சரி. நான்கு கார்டு தாராளமாகப் போனால் அந்தக் கிடார் புதிதாகப் பழகுபவரின் விரலைப் புண்ணாக்கிவிடும். மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு கார்டு தாராளமாகப் போகலாம், மூன்றாவது இடிக்க வேண்டும். இது ஸ்டீல் கிடாருக்கான கணக்கு. நைலானில் உயரம் இதைவிட ஒன்றிரண்டு கார்டு கூடுதலாகவே இருக்கும், அது குறையல்ல.

அடுத்தது கழுத்து. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், கழுத்து உடலோடு சேரும் ஃப்ரெட்டில் (ஸ்டீல் கிடாரில் 14-வது) இன்னொரு விரலாலும் அழுத்துங்கள். நடுவே, ஆறாவது ஏழாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்கலாம். அதைவிட அதிகம் என்றால் கழுத்து வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு உள்ள கிடாரில் அதைச் சரிசெய்யலாம், ஆனால் கடையிலேயே செய்து தரச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டிக்கொண்டே போங்கள். எங்காவது 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் வந்தால் அதற்கு அடுத்துள்ள ஃப்ரெட் மேடாக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. செல்போனில் சுருதி காட்டும் ட்யூனர் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கம்பியை வெறுமனே மீட்டி முள் நடுவில் நிற்கும்படி செய்யுங்கள். அதே கம்பியை 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வர வேண்டும், முள்ளும் நடுவில்தான் நிற்க வேண்டும். நன்றாகத் தள்ளிப் போனால் அந்தக் கிடார் எப்போதும் சுருதியோடு பேசாது. கம்பி பழசாகிவிட்டது என்று கடைக்காரர் சொன்னால் அதுவும் நடக்கக்கூடியதுதான். புதுக் கம்பி போட்டு மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். பளபளப்பும் நிறமும் இதற்கெல்லாம் பிறகு.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வாரம் ஒரு நேரம் மாறும். பாடத்தில் எண்பதுக்கு மேல் வீடியோ இருக்கிறது. எப்படிப் பிரித்துப் படிப்பது? தனியாகப் படித்தால் தப்பாகப் பழகிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.
— வாசகர், ஓசூர்

உங்கள் பயம் நியாயமானது. வீடியோ பாடம் எல்லாவற்றையும் காட்டும். நீங்கள் வாசிப்பதை அது கேட்காது. ஆசிரியரின் காது செய்யும் வேலையை வேறு எதன் மூலமாவது வீட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். ட்யூனர், சீராகத் தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம், போனின் ரெக்கார்டர் மூன்றும் அதற்குத்தான். இவற்றை ஒதுக்கிவிட்டு வீடியோவை மட்டும் பார்த்துக்கொண்டே போனால் எண்பதையும் முடித்த பிறகும் ஒரு பாட்டு முழுதாக வராது.

நாளைக்கு அரை மணி போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட வாரத்தில் ஆறு நாள் அரை மணி பல மடங்கு பலன் தரும், ஏனென்றால் விரல்களின் பழக்கம் தூக்கத்துக்கு இடையில்தான் படிகிறது. முதல் மூன்று நிமிடம் சுருதி சேர்க்க. அடுத்த ஐந்து நிமிடம் இரண்டே இரண்டு கார்ட்களுக்கு இடையே மாறிப் பழக. பத்து நிமிடம் அன்றைய பாடம். மீதிப் பத்து நிமிடம் தெரிந்த பாட்டில் ஒரு பல்லவி. கடைசி இரண்டு நிமிடம் ரெக்கார்டிங்.

ரெக்கார்டிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போனை ஒரு மீட்டர் தள்ளி, கிடாரின் ஒலித் துளை உயரத்துக்கு வையுங்கள். வாசித்த உடனே போட்டுக் கேட்காதீர்கள். கை செய்த சிரமம் மனதில் இருக்கும்போது காது சலுகை காட்டும். மறுநாள் கேளுங்கள். நான்கு விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும்: கார்டில் எல்லாக் கம்பியும் ஒலிக்கிறதா, ஏதாவது ஒன்று 'டொக்' என்று செத்துப் போகிறதா, கார்ட் மாறும் இடத்தில் தாளம் நொண்டுகிறதா, இரைச்சல் வருகிறதா. வாரம் ஒருமுறை வீடியோவாகவும் எடுங்கள், ஆனால் முன்னால் இருந்து அல்ல, கழுத்தின் தலைப் பக்கத்திலிருந்து. கட்டைவிரல் மேலே ஏறி உட்கார்ந்திருப்பதும், மணிக்கட்டு உள்ளே மடங்கியிருப்பதும் அந்தக் கோணத்தில்தான் தெரியும்.

ஒரே இருப்பில் ஐந்து வீடியோ பார்ப்பது நிறையப் பேர் செய்வது. புரிந்துவிட்டது என்ற நிறைவு வரும், கைக்கு எதுவும் வந்திருக்காது. ஒரு பாடத்துக்குக் குறைந்தது மூன்று நாள். அந்தப் பாடத்தில் உள்ளதை நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் நான்கு தாள வட்டம் நிற்காமல் வாசிக்க வந்தால்தான் அடுத்தது. இரவு ஷிப்ட் வாரத்தில் பகலில் பக்கத்து வீட்டார் தூக்கம் கெடும் என்றால், பிரிட்ஜ் ஓரத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகுங்கள். சத்தம் பாதிக்கு மேல் அடங்கும், கார்ட் மாற்றுப் பயிற்சிக்கு அது தாராளம்.

பாடம் இன்னும் வாங்கவில்லை என்றால், வீடியோவைச் செய்து அனுப்பினால் ஒருவர் பார்த்துத் திருத்தித் தரும் வசதி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

எங்கள் ஊரில் சிக்னல் வந்து வந்து போகிறது. வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது.
— வாசகி, தேன்கனிக்கோட்டை பக்கம்

சிக்னல் கிடைக்கும் நேரத்தில் அந்த வாரத்துக்கான இரண்டு பாடங்களை மட்டும் 480 தரத்தில் இறக்கி வையுங்கள். விரல் தெரிய அது போதும். கார்ட் படங்களையும் ஸ்ட்ரம்மிங் (கம்பிகளைக் கீழும் மேலும் வருடி மீட்டுவது) அம்புக்குறிகளையும் கையாலேயே ஒரு நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். வீடியோ இல்லாமல் நோட்டைப் பார்த்து வாசிப்பதே நல்லது. திரையில் ஆசிரியரின் கையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பவருக்கு அவர் இல்லாதபோது கை ஓடாது.

இரண்டு மாதமாகப் பழகுகிறேன். விரல் நுனி எரிகிறது. எஃப் கார்ட் வரவே இல்லை. என் கை சின்னது, அதுதான் காரணமா?
— இல்லத்தரசி, காவேரிப்பட்டினம்

கையின் அளவு காரணம் இல்லை. நுனி எரிவது முதல் மூன்று நான்கு வாரம் எல்லோருக்கும் உண்டு, தோல் தடித்ததும் அடங்கும். இரண்டு மாதம் ஆகியும் எரிகிறதென்றால் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள், அல்லது கிடார் அப்படி அழுத்த வைக்கிறது. விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் வைத்தால் பாதி பலத்தில் ஸ்வரம் தெளிவாகப் பேசும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் எவ்வளவு அழுத்தினாலும் இரையும். பாத்திரம் கழுவி, துணி துவைத்த கையோடு உடனே உட்காராதீர்கள். ஊறிய தோல் சீக்கிரம் உரியும். அரை மணி கழித்து எடுங்கள்.

எஃப் விஷயத்துக்கு ஒரு சோதனை. சுட்டுவிரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைக்கும் அதே வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள், அங்கே அது ஏ கார்ட். ஐந்தில் வந்து, முதல் ஃப்ரெட்டில் மட்டும் வராமல் போனால் குற்றம் உங்கள் கையில் இல்லை, கழுத்துத் தலையில் உள்ள நட்டில். அதன் பள்ளங்கள் ஆழம் போதாமல் கம்பியை உயரத்தில் நிறுத்தியிருக்கின்றன. உறுதிப்படுத்த, ஒவ்வொரு கம்பியையும் இரண்டாவது மூன்றாவது ஃப்ரெட்டுக்கு இடையில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் கனம்தான் இருக்க வேண்டும். நன்றாக வெளிச்சம் தெரிந்தால் கிடார் பழுது பார்ப்பவரிடம் நட்டை அராவச் சொல்லுங்கள். நீங்களே அராவ வேண்டாம். ஒரு உரசல் கூடிவிட்டால் வெறும் கம்பி இரையும், நட்டையே மாற்ற வேண்டி வரும்.

கம்பியையும் மாற்றுங்கள். கிடாரில் 12-53 அளவு கம்பி இருந்தால் 10-47 அளவுக்கு வாருங்கள், பாக்கெட்டில் 'எக்ஸ்ட்ரா லைட்' என்று போட்டிருக்கும். ஒலி கொஞ்சம் மெலியும், விரலுக்குப் பெரிய நிம்மதி. அதுவரை எஃப் வரும் இடத்தில் எஃப் மேஜர் செவன் பிடித்துப் பாட்டை ஓட்டுங்கள்: நான்காவது கம்பி மூன்றாவது ஃப்ரெட், மூன்றாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட், இரண்டாவது கம்பி முதல் ஃப்ரெட், முதல் கம்பி வெறுமனே. ஐந்தும் ஆறும் மீட்ட வேண்டாம்.

ட்யூனர் ஆப் 'இ' என்று காட்டும்வரை முறுக்கினேன். முதல் கம்பி அறுந்துவிட்டது. புதிது போட்டும் அதே.
— பிளஸ் டூ மாணவர், அரூர்

கிடாரில் இரண்டு 'இ' உண்டு. தடித்த ஆறாவது கம்பி நொடிக்கு 82 அதிர்வு, மெல்லிய முதல் கம்பி 330. சாதாரண ஆப் இரண்டுக்கும் 'இ' என்றே காட்டும். நீங்கள் சரியான இடத்தைக் கவனிக்காமல் தாண்டி, அடுத்த 'இ'யைத் தேடிப் போயிருக்கிறீர்கள். அதை எட்டும் முன் எந்தக் கம்பியும் அறுந்துவிடும். கிடார் என்று தனியாகத் தேர்வு உள்ள, கம்பியின் எண்ணையும் காட்டும் ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் கீழிருந்து மேலாக, மெல்ல ஏற்றுங்கள். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். இறக்கும்போது நிறுத்தினால் கியரில் தளர்வு தங்கி, வாசிக்க ஆரம்பித்ததும் சுருதி இறங்கும்.

அறுபட்ட இடத்தையும் பாருங்கள். இரண்டு முறையும் நட்டிலோ, பிரிட்ஜின் மேல் கம்பி தங்கும் சாடிலிலோ ஒரே புள்ளியில் அறுந்திருந்தால் அங்கே கூரான விளிம்பு இருக்கிறது. புதுக் கம்பியை முறுக்கும் கீயில் இரண்டு மூன்று சுற்று மட்டும் சுற்றி, சுருதி சேர்த்து, விரலால் மெல்ல மேலே இழுத்துவிட்டு, மறுபடி சேருங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் நிலைக்கும்.

காதால் சேர்க்கவும் பழகுங்கள். ஆறாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டும் வெறும் ஐந்தாவது கம்பியும் ஒன்று. இப்படியே ஐந்து, ஐந்து, ஐந்து என்று போய், மூன்றாவது கம்பிக்கு மட்டும் நான்காவது ஃப்ரெட், இரண்டாவது கம்பிக்கு மறுபடி ஐந்து. இரண்டு ஒலியும் சேராதவரை 'வாவ் வாவ்' என்று ஓர் அலை கேட்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும்.

ஷீட் கூரை வீடு. சித்திரை வெயிலில் கிடார் கெடுமா?
— வாசகர், பென்னாகரம்

கெடும். தருமபுரிப் பக்கத்து பங்குனி, சித்திரையில் சூடு ஒரு பக்கம், வறட்சி ஒரு பக்கம். கிடாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது. கூரைக்கு நேர் கீழே பரண் மேல் வைக்காதீர்கள், வெயிலில் நிறுத்திய காரில் ஒருபோதும் விடாதீர்கள். பிரிட்ஜை ஒட்டியிருக்கும் பசை இளகி, பின்பக்கம் தாள் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொள்ளும். உட்சுவர் ஓரம், தரைக்குப் பக்கத்தில், உறைக்குள் வையுங்கள். பழைய சோப்புப் பெட்டியில் நாலைந்து துளை போட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்து உறைக்குள் கம்பிகளின் தலைப் பக்கம் போட்டால் வறட்சிக்குப் போதும். தண்ணீர் சொட்டக் கூடாது. வாசித்து முடித்ததும் வியர்வை போகக் கம்பிகளைத் துணியால் துடைத்துவிட்டால் மூன்று மாதம் வரை துருப் பிடிக்காமல் வரும்.

ஆறு கார்ட் தெரியும். ஆனால் பாட்டு ஓடவில்லை, ஒவ்வொரு மாற்றத்திலும் நிற்கிறது. வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா?
— வங்கி ஊழியர், கிருஷ்ணகிரி

வேண்டாம். புதுப் பாடமும் முதல் மாதம் இதே ஆறு கார்டைத்தான் சொல்லித்தரும். உங்களுக்குக் குறைவது கார்ட் இல்லை, மாற்றம். கடிகாரம் வைத்து ஒரு நிமிடத்தில் இரண்டு கார்ட்களுக்கு இடையே எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணுங்கள். முப்பதுக்குக் கீழே என்றால் பாட்டு நொண்டத்தான் செய்யும். அறுபதைத் தொட்டால் சாதாரணப் பாட்டு எதுவும் ஓடும்.

எண்ணிக்கை ஏற, எந்த விரல் நகர வேண்டியதில்லை என்று முதலில் பாருங்கள். ஏ மைனரிலிருந்து சி போக மோதிரவிரல் ஒன்று மட்டும்தான் இடம் மாற வேண்டும்: மூன்றாவது கம்பியிலிருந்து ஐந்தாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டுக்கு. மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பலர் மூன்றையும் தூக்கிவிட்டு மறுபடி தேடுகிறார்கள். இ மேஜரிலிருந்து ஏ மைனருக்கு அதே வடிவத்தை அப்படியே ஒரு கம்பி கீழே இறக்கினால் போதும். ஜி-யை நான்கு விரலால், முதல் இரண்டு கம்பியிலும் மூன்றாவது ஃப்ரெட் வைத்துப் பிடித்தால், மோதிரவிரலை இரண்டாவது கம்பியில் விட்டுவிட்டே டி-க்குப் போய்விடலாம்.

இன்னொன்று வலது கை. மாறும்போது உங்கள் வலது கை இடது கைக்காகக் காத்திருக்கிறது. அதை நிறுத்துங்கள். மெட்ரோனோமை 50-இல் வைத்து, இடது கை வந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வலது கை கீழும் மேலும் போய்க்கொண்டே இருக்கட்டும். நடுவில் வெறும் கம்பி ஒலித்தால் ஒலிக்கட்டும். கேட்பவர் தப்பு ஸ்வரத்தை மன்னிப்பார், தாளம் விட்டால் மன்னிக்க மாட்டார். இரண்டு வாரத்தில் இடது கை தானாக ஓடிவந்து சேரும்.

மகள் ஐந்தரைக் கட்டையில் கர்நாடக சங்கீதம் பாடுகிறாள். அவளுக்குக் கிடார் வாசிக்க முடியுமா?
— வாசகர், பர்கூர்

முடியும், கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) ஒன்று வாங்குங்கள். கட்டைக் கணக்கை முதலில் பொருத்திக்கொள்ளுங்கள்: ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஐந்தரை என்பது ஜி ஷார்ப். கேப்போவை முதல் ஃப்ரெட்டில் போட்டு ஜி வடிவங்களை வாசித்தால் ஐந்தரை வந்துவிடும். நாளை அவள் ஆறுக்குப் போனால் கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் போதும். கேப்போ போட்டதும் சுருதியை மறுபடி சரிபாருங்கள், அழுத்தத்தில் லேசாக ஏறியிருக்கும்.

எச்சரிக்கை ஒன்று. ராகத்தில் இல்லாத ஸ்வரத்தைக் கார்ட் கொண்டுவந்து போட்டுவிடும். சங்கராபரணம் மேஜர் ஸ்கேலேதான், அதற்குள்ள கார்ட்கள் இடிக்காது. மோகனத்தை எடுங்கள். ஒரு கட்டையில் அதன் ஸ்வரங்கள் சி, டி, இ, ஜி, ஏ. சி கார்டும் ஏ மைனரும் இதற்குள்ளேயே அடங்கும். ஜி கார்டில் பி இருக்கிறது, அது காகலி நிஷாதம். எஃப் கார்ட் மத்தியமத்தைக் கொண்டுவரும். மோகனத்தில் இரண்டுக்கும் இடமில்லை. ஜி தேவைப்படும் இடத்தில் பி வரும் கம்பிகளை விட்டுவிட்டு ஜி, டி இரண்டு ஸ்வரம் மட்டும் மீட்டுங்கள். கமகம் நிறைந்த தோடி போன்றவற்றுக்குக் கார்ட் தேடவே வேண்டாம். ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்த்து, தம்புரா போல நிதானமாக மீட்டுவது பாட்டுக்கு மரியாதை. மகளின் குரு சம்மதித்தால் மாதம் ஒருநாள் அவர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். கிடார் தெரியாதவராக இருந்தாலும் சுருதியும் தாளமும் தப்பினால் அந்த நொடியே சொல்லிவிடுவார்.

வீட்டிலேயே படித்தவர் கிரேடு தேர்வு எழுதலாமா?
— வாசகி, தருமபுரி

எழுதலாம். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகள் முதல் கிரேடுக்கு முந்தைய இனிஷியலில் தொடங்கி எட்டாம் கிரேடு வரை. கீழ் கிரேடை முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வாசித்து வீடியோவாக அனுப்பும் தேர்வு முறையும் இருக்கிறது. கிளாசிக்கல் கிடார், அகூஸ்டிக் கிடார் இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் என்பதால் பதிவு செய்யும்முன் உங்களிடம் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இளையராஜா டிரினிட்டியின் கிளாசிக்கல் கிடார் படிப்பைத் தொலைவழியில் முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றவர். அவருக்கும் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து கற்ற அடித்தளம் இருந்தது. தேர்வுக்கு முன்னால் மட்டுமாவது சேலத்திலோ பெங்களூரிலோ உள்ள ஆசிரியர் ஒருவரிடம் இரண்டு மூன்று அமர்வு போய் வாருங்கள். பதிவு செய்த வாசிப்புகளையும் எடுத்துப் போங்கள்.

ஒன்பது வயதுப் பையன், இடது கைப் பழக்கம். தனிக் கிடார் வேண்டுமா?
— வாசகர், ஊத்தங்கரை

முதலில் சாதாரணக் கிடாரையே முக்கால் அளவில் கொடுத்துப் பாருங்கள். அழுத்துவது, மீட்டுவது இரண்டுக்கும் இரண்டு கையும் புதிதாகத்தான் பழக வேண்டும், பெரும்பாலான இடது கைக் குழந்தைகள் இதில் சரளமாக வந்துவிடுகிறார்கள். பாட வீடியோக்களும் அப்படியே பொருந்தும். ஒரு மாதம் ஆகியும் அவன் கிடாரைத் தானாகத் திருப்பித் திருப்பிப் பிடித்தால் இடது கைக் கிடார் வாங்குங்கள். சாதாரணக் கிடாரில் கம்பியை மட்டும் வரிசை மாற்றிக் கட்டாதீர்கள். நட்டின் பள்ளங்கள் ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கு ஏற்ப வெட்டப்பட்டவை. தடித்த கம்பி பள்ளத்தில் உட்காராது, மெல்லிய கம்பி அகலப் பள்ளத்தில் ஆடி இரையும். ஸ்டீல் கிடாரில் சாடிலும் சாய்வாக வைக்கப்பட்டிருப்பதால் மேல் ஃப்ரெட்களில் சுருதி விலகிப் போகும்.